வேகம் குறைந்தால் பேசுகிறவர்

மிரியத்தை அவள் கணவர் கிருபைரட்ணம் முப்பத்தாறு வருட மணவாழ்வில் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊரில் அந்த வயதுக்காரர் மனைவியைக் கூப்பிடுகிற மாதிரி "இஞ்சாரும்" என்றுதான் கூப்பிடுவார். இங்கே பாரும் என்பது தேய்ந்து வந்த சொல். அதைத் தொடங்குமுன் தொண்டையை ஒருதரம் செருமுவார். மருதனார்மடம் சந்தைச் சனத்துக்குள் நின்றாலும் அந்தச் செருமலை அவள் பிரித்தெடுத்துத் திரும்பிப் பார்ப்பாள்.

அவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். குளங்களையும் வாய்க்கால்களையும் மெல்லிய கோடுகளாக வரைந்தே காலத்தைக் கழித்தவர். அவள் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள். ஓய்வுக்குப் பிறகு உடுவில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ரொறன்ரோவில் இருக்கும் பதினொரு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். இங்கே விடியப்புறம் ஐந்தரை. அங்கே முதல்நாள் மாலை ஏழு. பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டை முடித்து, வாயைத் துடைத்தும் துடைக்காமலும் திரைக்கு வந்து சேருவார்கள்.

சிக்கல் இணைய லயினில் இருந்தது. வகுப்புத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பிள்ளைகளின் முகங்கள் சதுரம் சதுரமாக உடையும். குரல்கள் கிணற்றடியிலிருந்து வருவது போல வரும். பிறகு அதுவும் நின்றுவிடும். கொம்பனிக்குப் போன் எடுத்தால் தங்கள் பக்கம் எல்லாம் சரி என்பார்கள். அவர்கள் சோதித்துப் பார்ப்பது வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு.

அளந்து பார்க்காமல் "எல்லாம் சரி" என்று சொல்கிறவர்களைக் கிருபைரட்ணத்துக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஏற்கெனவே வீட்டில் கையளவு கணினி ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார். தாங்கி நிரம்பினால் அது தண்ணீர் மோட்டரை நிறுத்தும். பொழுது பட்டால் படலை விளக்கைப் போடும். கால் மணிக்கொருதரம் இணையத்தின் வேகத்தை அளந்து குறித்து வைக்கும்படி அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். முதல் கிழமை அந்த அளவையே வகுப்பைக் குழப்பியது. அளப்பதற்கென்று கருவி லயின் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. உங்கடை அளவையாலைதான் என்ரை வகுப்பு முறியுது என்று அவள் சண்டை பிடித்தாள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, சின்னக் கோப்பு ஒன்றை மட்டும் இறக்கி அளக்கும்படி மாற்றினார்.

மார்கழி முடிய, அந்த மாதத்து வேகக் கோட்டை அச்செடுத்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு நாளும் விடிய நாலரைக்கும் ஏழரைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. கம்பத்தில் எங்கேயோ ஒரு கம்பிப் பொருத்துக்குள் பனி இறங்குகிறது என்றார். தாளை உருட்டிக்கொண்டு சைக்கிளில் கொம்பனியின் கந்தோருக்குப் போனார். அவர்கள் சிரித்து அனுப்பினார்கள். அடுத்த மாதம் புதுத் தாளோடு திரும்பவும் போனார்.

கருவிக்குக் குரல் கடைசியாகத்தான் வந்தது. வேகம் விழும்போது படத்தை நிறுத்திவிட்டால் பேச்சாவது போய்ச்சேரும். ஆனால் வகுப்பின் நடுவில் அவளுக்கு அது தெரிய வேண்டுமே. முதலில் கணினியிலேயே இருந்த பெண்குரல் ஒன்றைப் பேச வைத்தார். மிரியம் அதைக் கவனிக்கவேயில்லை. செய்தி வாசிக்கிற பிள்ளை மாதிரி இருக்கு, ஆருக்குச் சொல்லுதெண்டு தெரியேல்லை என்றாள். அன்று மத்தியானம் அவர் அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்து வழியத் தன் குரலைத் துண்டு துண்டாகப் பதிந்தார். முன்னுக்கு "இஞ்சாரும், வேகம்", நடுவில் இலக்கங்கள், ஒவ்வொன்றாக, பின்னுக்கு "படத்தை நிப்பாட்டும்." வேகம் ஐந்துக்குக் கீழே இறங்கினால் கருவி துண்டுகளை ஒட்டிச் சொல்லும். ஒலிபெருக்கியைச் சாப்பாட்டு அறை அலுமாரிக்கு மேல் வைத்தார். செருமலை வெட்டி எடுக்கவில்லை.

முதல்நாள் அது பேசியபோது அவள் "ஓம், என்ன?" என்று குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பதினொரு பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்களுக்கு அவர் இஞ்சாரும் மாமா. குரல் வந்தால் பாடத்தை விட்டுவிட்டு எல்லோரும் "குட்நைற் மாமா" என்பார்கள். அவர் உள்ளே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, தனக்குச் சொல்லவில்லை என்பது போல இருப்பார்.

போன கார்த்திகையில், குளித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் துவாயைப் பிடித்தபடியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது.

ஒரே மகள் வித்தியா நோர்வேயில் இருந்தாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம், விமானத்தில் ஏற முடியாது. அதனால் செத்தவீட்டை நேரலையில் காட்ட ஆள் பிடித்தார்கள். இப்போது எந்தச் செத்தவீட்டிலும் அதற்கென்று ஒருவர் முக்காலியோடு வந்து நிற்பார். கமராக்காரர் வீட்டு வைஃபையில் இணைந்துகொண்டார். வந்திருந்தவர்களில் பாதிப்பேரும் அதையே பிடித்து, வெளிநாட்டில் இருக்கிற தங்கள் பிள்ளைகளுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவீட்டில் கிருபைரட்ணம் கறுத்த கோட்டுடன் கிடந்தார். போதகர் ஜெபத்தைத் தொடங்கி இரண்டு வசனம் போயிருக்கும். அலுமாரிக்கு மேலிருந்து தொண்டை ஒருதரம் செருமியது.

"இஞ்சாரும், வேகம் இரண்டு. படத்தை நிப்பாட்டும்."

போதகர் நிறுத்திவிட்டார். பின்னுக்கு நின்ற ஒரு பெண் விறாந்தைக்கு ஓடினாள். யாரும் சவத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் சவத்தைப் பார்க்காமல் இருப்பதிலேயே கவனமாக இருந்தார்கள். கிருபைரட்ணத்தின் தம்பி சிமியோன் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி வயரைப் பிடுங்கப் போனார்.

"விடும் சிமியோன்," என்றாள் மிரியம். "அவர் சொல்லி முடிச்சிட்டார்."

நோர்வேயில் அந்த நேரம் படம் உறைந்துபோனது. வித்தியா பதினொரு நிமிடம் அசையாத திரையில் தகப்பனின் அசையாத முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறைவதற்கு முன்னால் கடைசியாக அவளுக்குக் கேட்டது அவருடைய குரல். அதன்பிறகு போன் எடுக்கும்போதெல்லாம் அதையே கெஞ்சினாள்: அம்மா, அந்தச் சாமானைக் கழட்டி வையுங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு. மிரியம் ஓம் ஓம் என்பாள், கழட்டவில்லை.

வகுப்புக்கு இரண்டு கிழமை விடுமுறை விட்டிருந்தாள். பெற்றோர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாள். பிள்ளைகளுக்கு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், எங்கடை வகுப்பிலை நானே சொல்லுறன். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். சொல்ல வேண்டிய வசனத்தை அவள் ஒரு தாளில் எழுதி, மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வகுப்பைத் தொடங்கினாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆளாளுக்குப் பனி கொட்டிய கதை சொன்னார்கள். அவள் தாளைக் கையில் எடுத்தாள். கருவியின் சின்ன விளக்கு மினுங்கியது.

"இஞ்சாரும், வேகம் மூண்டு. படத்தை நிப்பாட்டும்."

"குட்நைற் மாமா," என்று பதினொரு குரல்.

"ஓம், கேட்டது," என்றாள் மிரியம், வழக்கம் போல. படத்தை நிறுத்தினாள். பிள்ளைகளுக்கு அவள் முகம் தெரியாத அந்த இருட்டுக்குள் இருந்துகொண்டு அன்றைய பாடத்தை முழுவதும் நடத்தினாள். தாளை மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டாள்.

அன்று விளங்கியதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. இந்த உலகத்தில் பதினொரு பேருக்கு அவர் இன்னும் சாகவில்லை. லயின் கெட்டுக்கிடக்கும்வரை சாகவும் மாட்டார்.

மார்கழியும் தையும் அப்படியே போயின. பனி இறங்கும்; பொருத்து நனையும்; அவர் பேசுவார். நாலரைக்கே எழும்பி விளக்கைப் போடாமல் அலுமாரிக்கு எதிரே கதிரையில் இருப்பாள். செருமல் வருவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய இரைச்சல் வரும். அவர் பதிந்த அந்த மத்தியானத்து அறையின் இரைச்சல் அது. உற்றுக் கேட்டால் அதற்குள் தூரத்தில் ஒரு காகம் கூட இருந்தது. சில நாள் பதில் சொல்வாள். நாலெண்டால் பரவாயில்லை, நேற்று ரெண்டாக் கிடந்தது என்பாள்.

ஒருநாள் உச்சி வெயிலில், பனியும் இல்லை மழையும் இல்லை, அவருடைய சேட்டுகளைக் கோயிலுக்குக் கொடுக்கவென்று கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு அறையிலிருந்து செருமினார். வேகம் ஒன்று என்றார். வீடு முழுக்க ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து கிணற்றடியையும் பார்த்தாள். பிறகு சேட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அலுமாரிக்குள் தூக்கிப்போட்டாள்.

மாசி கழியப் பனி விட்டது. கருவி அளந்தது, பன்னிரண்டு, பதினாலு என்று நல்ல இலக்கங்களைக் குறித்துக்கொண்டது, பேசவில்லை. அவள் ஒரு கிழமை பொறுத்தாள். பிறகு அவருடைய போனில், வீட்டு வைஃபையில் ஒரு நீளமான படத்தை ஓடவிட்டு அறைக்குள் வைத்துப் பார்த்தாள். போதவில்லை. தன்னுடைய பழைய போனையும் சேர்த்தாள். கால் மணி கழித்து அவர் வந்தார். வேகம் நாலு.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஐந்தரைக்கு வகுப்பு, ஐந்து இருபதுக்கு அறைக்குள் இரண்டு போன்களும் யாரும் பார்க்காத படங்களை ஓட்டத் தொடங்கும். ஒழுங்கை முழுவதற்கும் பைபர் லயின் வந்துவிட்டது. பழைய கம்பியைக் கழற்றப் போகிறோம் என்று கொம்பனி இரண்டுதரம் ஆள் அனுப்பியது. இரண்டுதரமும் படலையில் வைத்தே திருப்பி அனுப்பினாள். பெற்றோர்கள் முறையிடத் தொடங்கினார்கள். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒன்பது பேர்தானே, அதுவும் போதும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஆரணிக்கு ஏழு வயது. வகுப்புக்கு வந்து இத்தனை காலத்தில் வாய்விட்டு ஒரு வரி வாசித்ததில்லை. அவளுடைய முறை வந்தால் கண்ணை மேசையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவாள். மிரியமும் வற்புறுத்துவதில்லை. பங்குனியில் ஒருநாள், யாரும் கேட்காமலே, நான் வாசிக்கட்டா ரீச்சர் என்றாள். மிரியம் பதில் சொல்லுமுன் விளக்கு மினுங்கியது. குரல் வந்தது. வேகம் ஒன்று. படத்தை நிறுத்தியும் பயனில்லாமல் இணைப்பு முழுதாக அறுந்தது. அவள் அறைக்கு ஓடி இரண்டு போன்களையும் அணைத்தாள். இணைப்புத் திரும்பிவர நாலு நிமிடம் ஆனது.

"ஆரணி, வாசியுங்கோ அம்மா."

"வாசிச்சிட்டன் ரீச்சர்."

"எனக்குக் கேக்கேல்லையே. இன்னொருக்கா?"

பிள்ளை மாட்டேன் என்று தலையாட்டியது. முழுப்பக்கமும் வாசிச்சவ ரீச்சர், பிழையில்லாமல் என்று மற்றப் பிள்ளைகள் சாட்சி சொன்னார்கள். பத்து வயது டிலக்ஷன், நாங்கள் எல்லாரும் கைதட்டினம், உங்களுக்கு அதுவும் கேக்கேல்லையா என்று கேட்டான்.

அன்று பத்து மணிக்கு மிரியம் தானாகவே கொம்பனிக்குப் போன் எடுத்தாள்.

பைபர் பூட்ட வந்தவர் சிவதர்ஷன், நாற்பது வயது இருக்கும். ஏணியில் ஏறிப் பழைய கம்பியை அறுத்துக்கொண்டுவந்து, அதன் பொருத்தை அவளுக்குக் காட்டினார். செம்பு பச்சை பிடித்து, உள்ளே ஈரம் கசிந்தபடி இருந்தது.

"ஐயா கந்தோருக்குத் தாள் கொண்டு வருவார், அன்ரி. நாங்கள் பகிடி பண்ணினது. பனி இறங்குது எண்டு அவர் சொன்னது சரிதான். இதுக்குள்ளைதான் இறங்கியிருக்கு." உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயா நிக்கிறாரோ?" என்றார்.

அவள் இல்லை என்றாள். வெளியே போயிருக்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவளும் திருத்தவில்லை. பொருத்தை வாங்கி ஒரு பழைய பேப்பரில் சுற்றினாள்.

புது லயின் தொண்ணூற்றிநாலு காட்டியது. திரையில் கோடு மேலே போய், மேசை விளிம்பு போல நேராக நின்றது. இரண்டு போன்கள் அல்ல, இருபது போன்களில் படம் ஓட்டினாலும் அதை அசைக்க முடியாது. மூன்று நாள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மத்தியானங்களில் கூட அவள் மெல்லத்தான் நடந்தாள். கோப்பையை மேசையில் வைத்தால் அந்தச் சத்தத்துக்கே அலுமாரிப் பக்கம் தலை திரும்பியது.

நாலாம் நாள் அவருடைய குறிப்புக் கொப்பியை எடுத்தாள். படவரைஞரின் கை, ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்தது போல இருந்தது. எந்தப் பக்கத்தில் எதைத் திறக்க வேண்டும், எதை மாற்றக்கூடாது என்று வரிசையாக எழுதியிருந்தார். ஐந்துக்குக் கீழே இறங்கினால் பேசு என்ற இடத்தை அவள் கண்டுபிடித்தாள். ஐந்தை அழித்து இருநூறு என்று போட்டாள். இனி எவ்வளவு வந்தாலும் அது குறைவுதான். கதிரையில் போய் இருந்தாள். கால் மணி ஆனது. இரைச்சல் வந்தது, செருமல் வந்தது.

"இஞ்சாரும், வேகம்" என்றார். பிறகு ஒன்றும் இல்லை. ஒரு ஆள் மூச்செடுக்கும் அளவு வெறுமை. "படத்தை நிப்பாட்டும்."

அவள் எழும்பிவிட்டாள். அடுத்த கால் மணிக்கும் அதுவே. பிறகுதான் விளங்கியது. அவர் முப்பதுவரைதான் பதிந்திருந்தார். அந்தக் கம்பி தன் வாழ்நாளில் பதினெட்டைத் தாண்டியதில்லை. தொண்ணூற்றிநாலைச் சொல்ல வேண்டி வரும் என்று அவர் எதற்கு நினைப்பார்? கருவி நடுத்துண்டைத் தேடி, இல்லாமல், அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டுப் போனது. அன்றெல்லாம் கால் மணிக்கொருதரம் அவர் சொல்ல வந்து, சொல்லவேண்டியது வாய்க்கு வராமல் நின்று, மிச்சத்தைச் சொல்லிவிட்டுப் போனார். கடைசி நாளில், ஆஸ்பத்திரிக்குப் போன வாகனத்திலும் அவர் அப்படித்தான் வாயைத் திறந்து மூடினார். என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் இருநூறை அவள் மாற்றவில்லை.

மறுநாள் வகுப்பில், முதல் கால் மணியிலேயே அது வந்தது. வெறுமையைக் கேட்டதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மாமா நம்பரை மறந்திட்டார்!"

"படத்தை நிப்பாட்டச் சொல்லுறார் ரீச்சர்," என்றாள் ஒருத்தி.

டிலக்ஷன் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். "படம் நல்லாத்தானே தெரியுது. உங்கடை அலுமாரியிலை இருக்கிற கீறல் கூடத் தெரியுது. மாமா பொய் சொல்லுறார்."

மிரியத்தின் கை படத்தை நிறுத்தும் பொத்தானுக்குப் போயிருந்தது. அங்கேயே நின்றது. நாற்பது வருடம் கோடு கீறியவர். ஒரு மில்லிமீற்றர் பிசகினால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்குகிறவர். சிரித்து அனுப்பினாலும் அளந்ததை உருட்டிக்கொண்டு திரும்பவும் போனவர்.

"மாமா பொய் சொல்ல மாட்டார், டிலக்ஷன்," என்றாள். "நான்தான் அவரைச் சொல்ல வைச்சனான்."

விளங்காமல் பார்த்தார்கள். ஒன்பது முகங்களும் உடையாமல், மங்காமல், இமை கொட்டுவதும் தெரிகிற மாதிரி அவளுக்கு எதிரே இருந்தன. அவளும் அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருப்பாள்.

"மாமா செத்துப்போனார். கார்த்திகையிலை. உங்களுக்குச் சொல்லுறன் எண்டு அம்மாமாருக்குச் சொல்லிப்போட்டு, நான் சொல்லேல்லை."

ஒரு பிள்ளை தாயைத் தேடித் திரைக்கு வெளியே திரும்பியது. டிலக்ஷன் உதட்டைக் கடித்தான். மிரியத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை.

"அப்ப ஆர் கதைச்சது?" என்று ஆரணி கேட்டாள்.

"அவர்தான். முந்திக் கதைச்சு வைச்சது."

"நாங்கள் குட்நைற் சொன்னது அவருக்குக் கேக்கேல்லையா?"

மிரியம் குசினிப் பக்கம் பார்த்தாள். "முந்திச் சொன்னது கேட்டது," என்றாள். "உள்ளுக்கை இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். பிறகு சொன்னதெல்லாம் எனக்குத்தான் கேட்டது."

அன்று பாடம் நடக்கவில்லை. பிள்ளைகள் அவர் எப்படிச் செத்தார், எங்கே தாட்டது, சைக்கிள் இப்போது யாரிடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவள் கேட்டதற்கெல்லாம் சொன்னாள். நாலு மாதமாக எவருக்கும் அவள் அவ்வளவு சொன்னதில்லை. நேரம் முடிந்ததும் ஒவ்வொரு சதுரமாக அணைந்தது. ஆரணி கடைசியாகப் போனாள்.

வெளியே விடிந்திருந்தது. மிரியம் கருவியின் பக்கத்தைத் திறந்து, இருநூறை அழித்து, அவர் போட்டிருந்த ஐந்தையே திரும்பப் போட்டாள். ஆறே முக்காலுக்கு விளக்கு மினுங்கியது. அவள் அலுமாரியைப் பார்த்தபடி இருந்தாள். அவர் அளந்து பார்த்தார். சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.